கோழிக்குத் தண்ணீர் வைத்தல்: சில குறிப்புகள்

கோழி தண்ணீரை உறிஞ்சாது. அலகைத் தோய்த்து ஒரு சிறு மடக்கு அள்ளும். தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டி அதைத் தொண்டைக்குள் சரியவிடும். பிறகு மறுபடியும் குனியும். புறா அப்படியில்லை, முக்கிய அலகை எடுக்காமலே இழுத்துக் குடித்துவிட்டுப் போய்விடும். நமக்கு வாயின் பின்புறம் இருக்கும் மெத்தென்ற அண்ணம் கோழிக்குக் கிடையாது. எனவே ஒவ்வொரு மடக்கும் தன் எடையால்தான் உள்ளே இறங்க வேண்டும். தாகம் எவ்வளவு இருந்தாலும் அதனால் மடமடவென்று குடித்துவிட முடியாது. வேறொரு கோழி வந்து கொத்தி விரட்டினால் பாதித் தாகத்தோடு விலகிவிடும். அதனால் ஒரே சட்டி போதும் என்று நான் நினைப்பதில்லை. ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இரண்டு இடங்களில் தண்ணீர் இருந்தால்தான் அடங்கிப்போகும் கோழியும் நிதானமாகக் குடிக்கும்.

*

எங்கள் ஊர் கரூர் மாவட்டத்தில், பரமத்திப் பக்கம். சித்திரை வந்தால் வானிலைச் செய்தியில் ‘கரூர் பரமத்தி’ என்ற பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் வரிசையில். வடக்கே சற்றுத் தொலைவில் நாமக்கல். அங்கே நீண்ட கொட்டகைகளில் வெள்ளைக் கோழிகள் குழாயின் முனையை அலகால் தட்டிச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கின்றன. எந்தக் கொட்டகை இன்று எவ்வளவு குடித்தது என்பதை மீட்டர் சொல்லும். புழக்கடையில் திரியும் சிறுவிடைக் கோழிக்கு மீட்டர் இல்லை. அது எங்கே குடித்தது, எதைக் குடித்தது, குடித்ததா இல்லையா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய நேரங்களும் கோழியிடமே இருக்கின்றன. விடிந்து கொடாப்பைத் திறந்ததும் ஒரு முறை. முட்டையிட்டு, கொக்கரித்து முடித்ததும் நேரே தண்ணீருக்குப் போகும்; அப்போது நெடுநேரம் குடிக்கும். பிறகு பொழுது சாயும்போது, அடையப் போகுமுன். அந்தியில் குடிப்பது அதிகம், ஏனென்றால் இருட்டில் கோழி குடிக்காது. இரவு முழுவதும் முட்டை ஓடு உருவாகும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும். அதற்கு வேண்டிய நீரை அந்தி நேரத்திலேயே அது சேர்த்து வைத்துக்கொள்கிறது. மாலையில் சட்டி காய்ந்து கிடந்தால் காலைவரை அந்தக் குறை தீராது.

சாதாரண நாளில் ஒரு நாட்டுக்கோழி 150 முதல் 200 மில்லி குடிக்கும். தின்னும் தீனியின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கடும் வெயிலில் இந்த அளவே இரட்டிப்பாகும். ஓட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். முட்டையிடும் கோழிக்கு ஒருநாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் மறுநாள் குடித்துவிடுவதால் அது சரியாகிவிடுவதில்லை. பல நாட்களுக்கு முட்டை குறையும், சில கோழிகள் இறகு உதிர்க்கவே தொடங்கிவிடும். தீனி வைக்க மறந்த நாளைக் கோழி புழுவையும் புல்லையும் பொறுக்கிச் சமாளித்துவிடும். தண்ணீருக்கு அதனிடம் அப்படி வேறு வழியில்லை.

*

கோழிக்கு வியர்க்காது. உடம்பின் சூடே 41 டிகிரிக்கு மேல். வெளியிலும் அதே சூடு வந்துவிட்டால் வெப்பம் போவதற்கு இடமில்லை. கொண்டையிலும் தாடியிலும் ரத்தத்தை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆற்றிப் பார்க்கும். இறக்கையை உடம்பிலிருந்து அகட்டிப் பிடிக்கும். அதுவும் போதாதபோது வாயைத் திறந்து தொண்டையைப் படபடவென்று அடித்து மூச்சு வாங்கும். தொண்டையின் ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஈரம் கோழி குடித்த தண்ணீர்தான்.

இப்படி வேகமாக மூச்சு வாங்கும்போது தண்ணீரோடு கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு மூலம் ரத்தத்தில் கரைந்திருக்கும் இதே வாயுதான். அது குறையும்போது ஓடு மெலிகிறது. அக்னி நட்சத்திரக் காலத்தில் எடுக்கும்போதே விரல் பட்டு நெரியும் முட்டைகளுக்கு இதுதான் காரணம். தீனியில் கால்சியம் குறைந்துவிட்டது என்று எல்லாரும் உடனே நினைக்கிறார்கள். பல நேரங்களில் குறைந்தது கால்சியம் இல்லை, மூச்சோடு போன வாயு.

1985இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. வெப்பத்தில் வைத்த லெகார்ன் கோழிகளுக்கு வெறும் தண்ணீருக்குப் பதிலாகச் சோடாத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், ஓட்டின் தரம் மேம்பட்டது. மூச்சில் போனதைக் குடிநீரில் திருப்பிக் கொடுத்ததுதான் அங்கே நடந்தது. புழக்கடையில் யாரும் கோழிக்குச் சோடா உடைத்து ஊற்றப் போவதில்லை. ஆனாலும் அந்த ஆய்வைப் படித்த பிறகு, வாயைத் திறந்து நிற்கும் கோழியைப் பார்த்தால் நாளைய முட்டையின் ஓடு கரைந்துகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். உடனே நிழலும் குளிர்ந்த தண்ணீரும் தேடிக் கை போகும்.

*

தண்ணீரில் என்ன கலக்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். மொட்டைமாடிப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து நடுப்பகலில் வரும் தண்ணீர் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். கோழிக்குச் சூடான தண்ணீர் பிடிக்காது. தாகமிருந்தும் குறைவாகவே குடிக்கும். அந்தத் தண்ணீரில் எத்தனை சத்து கலந்தாலும் உள்ளே போகப் போவதில்லை.

மண்சட்டியின் பக்கங்களில் கசியும் நீர் ஆவியாகிச் சட்டிக்குள் இருப்பதைக் குளிர வைக்கிறது. கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. எங்கள் முருங்கை மரத்தடி மதியத்துக்குப் பிறகு வெயிலாகிவிடும், அதனால் பகல் சட்டி மேற்குச் சுவரோரம் போய்விடும். சட்டியின் பாதியைத் தரையில் புதைத்து வைத்தால் கோழி கவிழ்க்காது. ஆனால் மண்ணைக் கிளறி உள்ளே தள்ளும். இரண்டு செங்கல் உயரத்தில் வைப்பதே மேல். கோழியின் முதுகு உயரத்துக்குத் தண்ணீரின் மட்டம் இருந்தால் எச்சமும் குப்பையும் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இதற்கெல்லாம் மேல், புழக்கடைக் கோழிக்குப் போட்டித் தண்ணீர் உண்டு. துணி துவைக்கும் கல்லடியில் சோப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவும் இடத்துக் குட்டை, மாட்டுத் தொட்டியிலிருந்து வழியும் ஓடை. நாம் வைத்த சட்டியில் கசப்பாக எதையோ கலந்திருந்தால், அல்லது அது வெதுவெதுப்பாக இருந்தால், கோழி சண்டை போடாது. அங்கே போய்க் குடித்துவிட்டு வரும். சட்டியில் தண்ணீர் குறையாமல் இருப்பதைப் பார்த்து ‘இன்று தாகமில்லை போல’ என்று நாம் நினைத்துக்கொள்வோம். மருந்துத் தண்ணீர் வைக்கிற நாளில் முதல் வேலை அந்தக் குட்டைகளை அடைப்பது.

*

வெல்லத் தண்ணீர்.

கோடையில் கோழிக்கு ஒரு கட்டி வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. இனிப்பு என்பதால் ஆசையாகக் குடிக்கும் என்பார்கள். ஆசை அங்கே வேலை செய்வதில்லை. கோழிக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணர மற்றப் பல உயிர்களுக்கு உள்ள ஒரு மரபணுவைக் கோழியினம் இழந்துவிட்டது. வெல்லத் தண்ணீரும் வெறுந்தண்ணீரும் அதன் நாவுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனாலும் வெல்லம் வீணில்லை. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகக் கைகோத்து உள்ளே போகின்றன. அவற்றைத் தொடர்ந்து தண்ணீர் போகிறது. இனிப்பும் உப்பும் சேர்ந்தால் தண்ணீர் உடம்புக்குள் விரைவாக ஏறும் என்பது இந்தக் காரணத்தால். மனிதருக்கும் அதே வாசல்தான். 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்துக்குப் பின்னால் அந்த முகாம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம்: அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாப்பாட்டு உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, மீதி சிட்ரேட்.

ஒரு லிட்டர் என்று எழுதியிருக்கும் பொட்டலத்தை நான் கோழிக்கு இரண்டு லிட்டரில் கரைக்கிறேன். கோழிக்கு உப்பு சீக்கிரம் மிஞ்சிவிடும், குஞ்சுகளுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் இதை எல்லா நாளும் வைப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நாட்களில் முற்பகலில் வைத்து, மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். பக்கத்திலேயே வெறுந்தண்ணீர்ச் சட்டி கட்டாயம் இருக்கும். தனக்கு எது வேண்டும் என்று கோழிக்கு ஓரளவு தெரியும், தேர்ந்தெடுக்க அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் ஊர்களில் இந்த உப்பும் வேண்டாம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குழாய் வாயில் வெள்ளை படிகிறது. அந்தத் தண்ணீரில் நான் பொட்டலத்தைக் கரைப்பதில்லை. காவிரிக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்ததில்தான்.

வெல்லத் தண்ணீருக்கு இன்னொரு குணம், அது வெயிலில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். மதியத்துக்குள் மேலே நுரை கட்டும். நுரை கண்டால் கொட்டிவிட வேண்டும், கோழி காலில் படாத இடத்தில்.

*

வைட்டமின் டானிக்கின் மஞ்சள் நிறம் ரைபோஃபிளேவின் தருவது. வெளிச்சம் அதைச் சிதைக்கும். காலையில் மஞ்சளாக வைத்த தண்ணீர் வெயிலில் இருந்து மாலையில் வெளுத்துப்போனால் அந்தச் சத்தும் போயிருக்கும். வைட்டமின் சி இன்னும் நிலையில்லாதது. சூட்டிலும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரிலும் சீக்கிரம் அழிந்துவிடும்.

சாதாரணமாகக் கோழிக்கு வைட்டமின் சி வெளியிலிருந்து வேண்டியதில்லை. தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும் உயிர் அது. கடும் வெப்பத்தில் மட்டும் செலவு தயாரிப்பை மிஞ்சும். நெல்லிக்காயைத் தட்டிப் போட்ட தண்ணீரைக் கத்திரி வெயிலில் கோழிக்கு வைக்கும் வழக்கத்துக்கு நல்ல நியாயம் இருக்கிறது. நெல்லிக்காய்த் தண்ணீரையோ எலுமிச்சைத் தண்ணீரையோ தகர வாளியில் வைக்கக் கூடாது. புளிப்பு துத்தநாகப் பூச்சைக் கரைக்கும், துத்தநாகம் கோழிக்கு நஞ்சு. மண்சட்டி, பீங்கான், நல்ல பிளாஸ்டிக், இவை போதும்.

எந்தச் சத்தைக் கலந்தாலும் அடுத்து வரும் வேலை தேய்த்துக் கழுவுவது. வெறுந்தண்ணீர் வைத்த சட்டியின் உட்புறத்தில் வழவழப்பு ஏற இரண்டு மூன்று நாளாகும். சர்க்கரையும் வைட்டமினும் கலந்த சட்டியில் மறுநாளே விரலுக்குத் தட்டும். நாம் கோழிக்கு என்று கலந்ததை முதலில் தின்பது கிருமிகள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு உட்புறத்தைத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவிடுகிறேன். இரண்டு சட்டிகள் மாற்றி மாற்றி இருந்தால் ஒன்று காயும் நேரத்தில் மற்றது வேலைக்கு இருக்கும்.

*

சுண்ணாம்புத் தெளிநீர் வைத்தால் ஓடு கெட்டியாகும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமாகவே கரையும், லிட்டருக்கு ஒன்றேமுக்கால் கிராம் அளவுக்கு. அதில் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. கோழி குடிக்கும் கால் லிட்டரில் வருவது கால் கிராம்கூட இல்லை. ஒரு நாட்டுக்கோழி முட்டை ஓட்டுக்கே ஒன்றரை கிராம் அளவில் கால்சியம் வேண்டும். தண்ணீர் வழியாக இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது.

கிளிஞ்சல் தூளைத் தனியே ஒரு தட்டில் வைத்தால் போதும். முட்டையிடும் கோழி அந்தியில் வந்து அதைப் பொறுக்குவதைக் காணலாம், சேவல் திரும்பிக்கூடப் பார்க்காது.

*

மஞ்சளைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. புண்ணில் தடவ, தீனியில் பிசைய, கூட்டின் மூலையில் தூவ அது பயன்படுகிறது. தண்ணீரில் மட்டும் அதற்கு வேலை குறைவு. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை எனலாம். கலக்கிய கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும், கோழி மேலே இருக்கும் நிறம் மாறிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும். கீழாநெல்லி, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, பூண்டு ஆகியவற்றோடு மஞ்சளும் சேர்த்து அரைத்து அரிசிக் குருணையிலோ கம்பிலோ பிசைந்து கொடுப்பதே பழைய முறை. அரைத்துப் பிசைந்து கொடுக்கும்போது முழுப்பொருளும் வயிற்றுக்குள் போகிறது. அந்த முறையை வகுத்தவர்கள் தெரிந்தே வகுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வேப்பிலைத் தண்ணீரைக் கோழி விரும்பாது. இனிப்பு தெரியாவிட்டாலும் கசப்பு அதற்கு நன்றாகத் தெரியும். தாகத்தில் வேறு வழியில்லாமல் குடிக்கட்டும் என்று வெயில் காலத்தில் வேப்பிலைத் தண்ணீரை மட்டும் வைப்பது கொடுமை. மோரை நீர்க்கக் கரைத்து வைக்கலாம், கொஞ்சமாக. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் கோழிக்கு இல்லை, மிஞ்சினால் கழியும்.

*

“ஏனுங்கக்கா, கோழி தண்ணியாக் கழியுதுங்க. மருந்து எதாச்சும் கலக்கி வெக்கட்டுங்களா?”

பக்கத்துத் தோட்டத்துப் பெண் சித்திரை மாதம் முழுக்க இதைக் கேட்பாள். நான் எச்சத்தைப் பார்க்கப் போவேன். பறவைக்குச் சிறுநீர் தனியே கிடையாது. கழிவை வெள்ளைக் களிம்பாக எச்சத்தின் மேல் வைத்து வெளியேற்றும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க இயற்கை கொடுத்த வழி அது. வெயிலில் கோழி இரண்டு மடங்கு குடிக்கும்போது எச்சத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். நடுவில் கெட்டியான பழுப்பும் மேலே வெள்ளையும் இருந்து, கோழியும் கொண்டை சிவந்து மேய்ந்துகொண்டிருந்தால் அது நோயில்லை, வெயில். அதற்கு மருந்து வேண்டாம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, இறக்கை தொங்கி, மூச்சுக்குத் திணறினால் அது வெள்ளைக் கழிச்சல். உத்தராகண்டின் மலையூர் ராணிகேட்டில் 1920களின் கடைசியில் கண்டறியப்பட்டதால் மருத்துவர்கள் இங்கே ராணிகேட் நோய் என்கிறார்கள். வைரஸ் நோய் அது. வந்தபிறகு தண்ணீரில் கலக்கும் எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்து இறகைச் சிலிர்த்து நின்றால் அது வேறு, ரத்தக் கழிச்சல். அதற்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து தருவார்கள். அந்த மருந்து வைட்டமின் பி1 போல வேடமிட்டுக் குடலிலுள்ள ஒட்டுண்ணியை ஏமாற்றுகிறது. உண்மையான பி1 கிடைக்காமல் ஒட்டுண்ணி நலிகிறது. தெம்பு வரட்டும் என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் ஊற்றினால் ஒட்டுண்ணிக்கே சாப்பாடு போட்டதாகும். டெட்ராசைக்ளின் வகை மருந்துக்கு இதே கதை கால்சியத்தோடு. சுண்ணாம்பும் கால்சிய டானிக்கும் அதைக் கட்டிப்போட்டுவிடும். நல்லது, நல்லது என்று நான்கையும் ஒரே சட்டியில் ஊற்றும் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது.

தண்ணீர் வழி மருந்து என்பதில் ஓர் உண்மையான நன்மை உண்டு. நோய்ப்பட்ட கோழி தீனியை முதலில் விடும், தண்ணீரைக் கடைசியில்தான் விடும். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் மருந்து உதவுகிறது. ஆனால் அளவு கோழியின் தாகத்தின் கையில் இருக்கிறது. ஐப்பசி மழையில் குடிக்கும் அளவும் சித்திரையில் குடிக்கும் அளவும் ஒன்றில்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொன்ன அதே கரைசலில் கோடைக் கோழி இரண்டு பங்கு மருந்தை விழுங்கும். எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டையை வீட்டில் எடுக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். அந்த முட்டை குழந்தையின் தட்டுக்குத்தான் போகிறது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் ஒருகாலத்தில் தீனியிலும் குடிநீரிலும் வளர்ச்சிக்கென்றே கலக்கப்பட்டது. வேறு எதற்கும் அடங்காத கிருமிகளுக்கு எதிராக மனிதர்களுக்கு மிஞ்சியிருக்கும் கடைசி மருந்துகளில் அது ஒன்று. உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிக்கும் அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் 2019இல் இந்திய அரசு தடைசெய்தது. பழைய புட்டி எங்காவது பரணில் இருந்தால் ஊற்றிப் பார்க்கலாமே என்று எடுக்கக் கூடாது.

*

தடுப்பூசித் தண்ணீர் வைக்கும் நாள் வேறு மாதிரியானது. ஆண்டுதோறும் கால்நடைத் துறை வெள்ளைக் கழிச்சலுக்கு இருவார முகாம் நடத்துகிறது, பெரும்பாலும் பிப்ரவரியில், கோடை தொடங்குமுன். அங்கே போடுவது ஊசி. சில இடங்களில் லசோட்டா என்ற தடுப்பு மருந்தைக் குடிநீரில் தருகிறார்கள். லசோட்டா என்பது உயிருள்ள வைரஸ்; குளோரின் பட்டால் சாகும், வெயில் பட்டாலும் சாகும். அன்றைக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. சோப்பு போட்டுக் கழுவிய சட்டி ஆகாது. மஞ்சள் இல்லை, டானிக் இல்லை, மருந்து இல்லை. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கரைப்பார்கள், வைரஸைக் காக்க. காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கோழியைத் தாகத்தோடு வைத்திருந்து, பிறகு இந்தத் தண்ணீரைக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். ஆண்டு முழுக்க எதையாவது கலந்து பழகிய கைக்கு அந்த ஒரு நாள் சும்மா இருப்பது கடினமாக இருக்கும். இருந்தாக வேண்டும்.

*

மழைக்காலம். தாகம் குறையும், தண்ணீர் எங்கும் கிடைக்கும். அக்கறை அப்போது தரைக்கு மாற வேண்டும். ரத்தக் கழிச்சலின் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றுக்குத் தயாராகிவிடும். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றிய ஈர மண்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். பிளீச்சிங் பவுடர் அவற்றைக் கொல்லாது. வெயிலும் உலர்வும்தான் கொல்லும். அதனால் சட்டியை அடிக்கடி இடம் மாற்றுகிறேன். பழைய இடத்தைக் கொத்திவிட்டுச் சாம்பலும் உலர்ந்த மணலும் பரப்புகிறேன்.

கலங்கிய மழைநீரை வைக்க நேர்ந்தால் தேற்றான்கொட்டையைச் சட்டியின் உட்புறத்தில் உரைத்து விடலாம். கலங்கல் அடியில் தங்கிவிடும். முருங்கை விதைப் பருப்பை இடித்துக் கலந்தாலும் அதே வேலையைச் செய்யும். தெளிந்த தண்ணீர் கிருமியற்ற தண்ணீர் ஆகிவிடாது என்பதை நினைவில் வைத்து, குஞ்சுகளுக்கானதைக் கொதிக்க வைத்து ஆற்றிவிடுகிறேன்.

*

அடைக்கோழி நாளில் ஒரு முறைதான் எழும், சில நாள் அதுவும் இல்லை. எழுந்தால் கால்மணி, இருபது நிமிடம். அதற்குள் தின்று, குடித்து, பெரிதாக ஓர் எச்சமிட்டு, மண்ணில் குளித்து ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். 21 நாளும் முட்டை ஆறிவிடக் கூடாது என்பது தவிர அதற்கு வேறு நினைப்பில்லை. தண்ணீர் தொலைவில் இருந்தால் குடிக்காமலே திரும்பிவிடும். கோடை அடையில் நலிந்து கூட்டிலேயே இறந்த கோழிகளைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அடைக்கூடையிலிருந்து கழுத்தை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் போதும். அதில் எந்தச் சத்தும் கலக்கத் தேவையில்லை. காலையும் மாலையும் மாற்ற வேண்டும், அவ்வளவே.

அதே நாட்களில் அதன் வயிற்றடியில் ஒவ்வொரு முட்டையும் தண்ணீரை இழந்துகொண்டிருக்கும். பொரிக்கும் வரையில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கை ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆவியாக விடுகிறது. அப்படிக் காலியான இடத்தில்தான் காற்றறை விரிகிறது. குஞ்சு முதல் மூச்சை எடுப்பது அந்த அறையிலிருந்து.

பொரித்த குஞ்சுக்கு வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். இரண்டு நாள் தாங்கும். தீனிக்கு அவசரமில்லை, தண்ணீருக்கு உண்டு. ஒரு குஞ்சின் அலகை மெதுவாகத் தண்ணீரில் தொட்டுவிட்டால் போதும், அது தலையைத் தூக்கி விழுங்குவதைப் பார்த்து மற்றவை வரும். தாய்க்கோழி இருந்தால் அந்த வேலையும் நமக்கில்லை. முதல் நாள் ஆற்றிய வெந்நீரில் கொஞ்சம் வெல்லம். இரண்டாம் நாளிலிருந்து வெறுந்தண்ணீர். தட்டு விரல்கணு ஆழத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் குஞ்சு நனையாது, மூழ்காது. ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போய்க் கண்ணிலும் மூக்கிலும் வெள்ளைக் கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து விட வேண்டும். கூடையின் மேல் ஈரத்துணி போர்த்தி, வெயில் ஏறுமுன் போய்த் திரும்பிவிடுவது நல்லது.